பழைய போலராய்டில் படம் வெளியே வரவில்லையா? திருப்புளியை எடுக்கும் முன் செய்ய வேண்டியவை

பட்டனை அழுத்தினால் உறுமல் மட்டும் கேட்கிறது, படத்தைக் காணோம். இல்லாவிட்டால் படம் பாதி வந்து நின்றுவிடுகிறது. அதுவும் இல்லையென்றால் இரண்டு படங்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாக வருகின்றன. பழைய போலராய்டு கேமரா வாங்குகிற முக்கால்வாசிப் பேர் முதல் வாரத்திலேயே இதில் ஒன்றைப் பார்த்துவிடுவார்கள். இணையத்தில் தேடினால் கேமராவைக் கழற்றிப் போட்டுக் காட்டும் வீடியோக்கள்தான் முதலில் வந்து நிற்கும். அதைப் பார்த்துக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டத் தெரியாமல் பெட்டியில் போட்டு வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

என் அனுபவத்தில் பெரும்பாலான கோளாறு மூன்று இடங்களில்தான் இருக்கிறது: பேட்டரி, படத்தை நசுக்கி வெளியே தள்ளும் ரோலர், படங்கள் அடுக்கிய ஃபிலிம் பேக். மூன்றுக்கும் ஒரு ஸ்க்ரூகூடக் கழற்ற வேண்டாம். ஆனால் எதை முதலில் பார்ப்பது என்ற வரிசை முக்கியம். 600 என்ற வகைக் கேமராவுக்கான, 8 படம் கொண்ட ஒரு பேக் வெளிநாட்டில் ஏறக்குறைய 20 டாலர். அப்படியானால் ஒரு படம் 200 ரூபாயைத் தாண்டுகிறது. நம் ஊருக்கு வந்து சேரும்போது இன்னும் கூடும். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு படத்தைக் காவு கொடுத்தால் கட்டுப்படியாகாது. அதனால் இங்கே படம் வீணாகாத வரிசையில் எழுதியிருக்கிறேன். அதே வரிசையில் செய்யுங்கள்.

1. கையில் இருப்பது எந்தக் கேமரா என்று உறுதி செய்யுங்கள்

இந்தக் கட்டுரை முக்கியமாக இரண்டு வகைக்கு: 1981-இலிருந்து வந்த 600 வரிசைப் பெட்டிக் கேமராக்கள், அதற்கு முன்பே 1977-இல் வந்த ஒன்ஸ்டெப் போன்று எஸ்.எக்ஸ்-70 ஃபிலிம் போடும் பெட்டிக் கேமராக்கள். மடக்கும் எஸ்.எக்ஸ்-70 கேமராவுக்கும் பெரும்பகுதி பொருந்தும். பொருந்தாத இடத்தில் சொல்கிறேன்.

ஏன் முதலில் இதைச் சொல்கிறேன் என்றால், ரிப்பேர் செய்தும் பயனில்லாத கேமராக்கள் சந்தையில் நிறைய இருக்கின்றன. கோடாக் 1976-இல் தன் சொந்த இன்ஸ்டன்ட் கேமராவைக் கொண்டுவந்தது. போலராய்டுடன் வழக்கில் தோற்று 1986-இல் அந்தத் தொழிலையே விட்டது. அதற்கு இன்று ஃபிலிம் கிடையாது. கையால் இழுத்து உரிக்கும் பழைய வகைப் போலராய்டுக்கு ஃபுஜி கடைசிவரை ஃபிலிம் செய்துவந்தது. அதுவும் 2016-இல் நின்றுவிட்டது. அகலமான படம் தரும் ஸ்பெக்ட்ரா வகைதான் இன்னும் பெரிய பொறி. அதற்கான ஃபிலிமை 2019-இல் நிறுத்தினார்கள். காரணம் நம் தலைப்புதான்: அந்தக் கேமராக்களுக்குள் புது ஃபிலிம் சிக்கிக்கொண்டே இருந்தது, எவ்வளவு முயன்றும் தீர்க்க முடியவில்லை. ஸ்பெக்ட்ரா மலிவாகக் கிடைத்தால் ஏன் மலிவு என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

அடுத்தது ஃபிலிம். 600 கேமராவுக்கு 600 ஃபிலிம், எஸ்.எக்ஸ்-70 கேமராவுக்கு எஸ்.எக்ஸ்-70 ஃபிலிம். ஐ-டைப் என்று ஒன்று இருக்கிறது. சில டாலர் மலிவு, 600 கேமராவுக்குள் அழகாக உட்காரும். ஆனால் அதில் பேட்டரி கிடையாது. அது புதிய கேமராக்களுக்கானது. பழைய கேமராவுக்கு மின்சாரமே ஃபிலிம் பேக்கின் அடியில் இருக்கும் தட்டையான பேட்டரியிலிருந்துதான் வருகிறது. ஐ-டைப் போட்டால் கேமரா செத்ததுபோல் கிடக்கும். "படம் வரவில்லை" என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஃபிலிம் பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்றுதான்.

600 பேக்கை எஸ்.எக்ஸ்-70 கேமராவில் திணிக்கவும் வேண்டாம். பேக்கின் அடியில் சிறு முனைகள் துருத்திக்கொண்டிருக்கும். தவறான கேமராவுக்குள் போகக் கூடாது என்பதற்காகவே வைத்தவை. ஒரு அட்டையைக் கீழே கொடுத்துத் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். படத்தின் வெளிச்சக் கணக்கும் மாறும் என்பதால் புதிதாக ஆரம்பிக்கும்போது அந்த வித்தை தேவையில்லை.

2. விற்பவரிடம் கேட்க வேண்டியவை, வைத்துக்கொள்ள வேண்டியவை

இன்னும் வாங்கவில்லையென்றால் விற்பவரிடம் ஒரு வீடியோ கேளுங்கள். பேக் போட்டுக் கதவை மூடியதும் வெளிச்சம் படாமல் படங்களை மூடியிருக்கும், டார்க் ஸ்லைடு எனப்படும் கறுப்பு அட்டை தானாக வெளியே வர வேண்டும். அந்தக் காட்சி வீடியோவில் இருக்க வேண்டும். ஃபிளாஷ் எரிவதை மட்டும் காட்டி "வேலை செய்கிறது" என்றால் நம்பாதீர்கள். "சோதிக்கவில்லை" என்று எழுதியிருந்தால் அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும். ஃபிலிம் இல்லாமல் அந்தக் கேமராவைச் சோதிக்க முடியாது என்பதும் உண்மைதான், அதனால் எல்லா விற்பனையாளரும் ஏமாற்றுகிறார்கள் என்று அர்த்தமில்லை.

விளம்பரப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட், பணம் கட்டிய ரசீது, வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்கத்துக்குக் காட்டிய இன்வாய்ஸ், வரி கட்டிய ரசீது ஆகியவற்றை ஒரே ஃபோல்டரில் போடுங்கள். திருப்பி அனுப்ப வேண்டி வந்தால் இவை இல்லாமல் ஒன்றும் நடக்காது. திருப்பி அனுப்பும் கெடு பெரும்பாலும் குறுகியது. கேமரா கைக்கு வந்த அன்றே ஃபிலிமும் தயாராக இருக்க வேண்டும். கேமரா வந்த பிறகு ஃபிலிமுக்கு ஆர்டர் போட்டால், ஃபிலிம் வருவதற்குள் கெடு முடிந்துவிடும்.

கேமராவின் கையேடு இணையத்தில் பி.டி.எஃப். ஆகக் கிடைக்கும். உங்கள் மாடலுக்குரியதை இறக்கி வையுங்கள். ஃபிலிம் பெட்டியில் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தேதியையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். 12 மாதத்துக்குள் பயன்படுத்தச் சொல்கிறார்கள். அதைத் தாண்டினால் ரசாயனம் காய ஆரம்பிக்கும், பேட்டரியும் சோரும். இரண்டுமே படம் வெளியேறுவதைப் பாதிக்கும். 2008-க்கு முன் தயாரான "அரிய" ஃபிலிம் என்று யாராவது விற்றால் அலமாரியில் வைத்து அழகு பார்க்க மட்டும் வாங்குங்கள். பேட்டரி செத்திருக்கும், உள்ளே பசை காய்ந்து கட்டியாகியிருக்கும்.

கருவிகள் என்று பெரிதாக ஒன்றுமில்லை: நூல் உதிராத மெல்லிய துணி, காது குடையும் பஞ்சுக் குச்சி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சிறு புட்டி, பென்சில் அழிப்பான், ரப்பர் கையுறை, ஒரு டார்ச். இருந்தால் வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டர். ஆல்கஹால் சென்னையில் ரிச்சி தெரு போன்ற எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். எல்லாம் சேர்த்து ஒரு படத்தின் விலையைவிடச் சற்றுக் கூட ஆகலாம்.

3. சோதனைப் பேக் ஒன்றைத் தயார் செய்யுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஃபிலிம் தீர்ந்த பேக்கைக் குப்பையில் போடாதீர்கள். 8 படத்தையும் வெளியே தள்ளிய பிறகும் அதன் பேட்டரியில் நிறைய உயிர் மிச்சமிருக்கும். முதலில் வெளியே வந்த டார்க் ஸ்லைடை எடுத்து, வந்த அதே திசையில், அதே பக்கம் மேலே இருக்கும்படி, பேக்கின் முன்புறப் பிளவு வழியாக மெல்ல உள்ளே செலுத்துங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தகடு அதை மேலே தள்ளிப் பிடித்துக்கொள்ளும். அட்டை நான்கு மூலையிலும் சமமாக உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தால் எடுத்துத் திரும்பச் செலுத்துங்கள்.

இந்தப் பேக்கைக் கேமராவில் போட்டுக் கதவை மூடினால், கேமரா புது பேக் வந்துவிட்டது என்று நினைத்து அட்டையை வெளியே தள்ளும். பேக்கை வெளியே எடுத்து, அட்டையைச் செருகி, திரும்பப் போடுங்கள், மறுபடியும் தள்ளும். ஒரு பைசா செலவில்லாமல் பத்து தடவைகூடச் செய்து பார்க்கலாம். கீழே நான் "சோதியுங்கள்" என்று சொல்லும் இடமெல்லாம் இதைத்தான் சொல்கிறேன்.

காலி பேக் இல்லாதவர்கள் போலராய்டு வைத்திருக்கும் நண்பரிடம் கேளுங்கள். அவர் தூக்கி எறியப்போகும் பொருள்தான். பழைய கேமராவுக்குள்ளேயே ஒரு காலி பேக் கிடக்கும், ஆனால் அதன் பேட்டரி பல வருடங்களுக்கு முன்பே போயிருக்கும், அது உதவாது.

யாரிடமும் கிடைக்கவில்லையா? புது பேக்கையே போடலாம். முதலில் வருவது எப்படியும் டார்க் ஸ்லைடுதான். அது அசையவே இல்லையென்றால் பேக்கை வெளியே எடுத்துவிடுங்கள். அட்டை மூடியே இருப்பதால் உள்ளே ஒரு படமும் கெடவில்லை. ஆனால் அட்டை வந்த பிறகு கதவைத் திறந்தால் மேலே இருக்கும் படம் வெளிச்சம் பட்டுப் போய்விடும். அடியில் இருப்பவை பெரும்பாலும் தப்பிக்கும். மூடும்போது கேமரா அந்த மேல் படத்தை டார்க் ஸ்லைடு என்று எண்ணி வெளியே தள்ளிவிடும். பாதி பேக்கைத் திறந்தே ஆக வேண்டும் என்றால் கும்மிருட்டு அறையில் திறந்து, பழைய அட்டையைப் படங்களின் மேல் செருகிவிட்டு மூடுங்கள். தள்ளப்படுவது அட்டையாக இருக்கும்.

4. எண்ணைப் பாருங்கள், சத்தத்தைக் கேளுங்கள்

முதலில் கேமராவின் பின்னால் இருக்கும் எண்ணிக்கைக் கட்டம். பழைய கேமராக்கள் ஒரு பேக்கில் 10 படம் இருந்த காலத்தில் செய்தவை. டார்க் ஸ்லைடு வந்ததும் 10 என்று காட்டி இறங்கு வரிசையில் போகும். இன்றைய பேக்கில் 8 படம்தான். அதனால் எல்லாப் படமும் தீர்ந்த பிறகு கட்டம் 2 என்று காட்டும். இன்னும் இரண்டு இருக்கிறதே, ஏன் வரவில்லை என்று கேமராவை உலுக்கிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். கோளாறு ஒன்றுமில்லை, பேக் காலி.

சரி, பேக் காலியில்லை என்று வைத்துக்கொள்வோம். சோதனைப் பேக்கைப் போட்டு, காதருகே வைத்துக் கேளுங்கள்.

சத்தமே இல்லையென்றால் மின்சாரம் வரவில்லை, அல்லது கதவு முழுமையாக மூடவில்லை. ஐந்தாம், ஏழாம் பகுதிகளுக்குப் போங்கள்.

தொடங்கி, இழுத்து இழுத்து முனகி நிற்கிறதென்றால் பேட்டரி சோர்ந்திருக்கிறது, அல்லது ரோலர் பசையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஐந்தும் ஆறும்.

உற்சாகமான முழுச் சத்தம், ஆனால் ஒன்றும் வரவில்லையென்றால் மோட்டாரும் பேட்டரியும் நல்ல நிலையில் இருக்கின்றன. அட்டையைப் பின்னாலிருந்து தள்ளும் கொக்கி பிடிக்கவில்லை, அல்லது கதவிலுள்ள ரோலருக்கு மோட்டாரின் சுழற்சி போய்ச் சேரவில்லை. ஏழும் எட்டும்.

சத்தம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் உடனே பேக்கை வெளியே இழுங்கள். ஒரு சுற்று முடிந்துவிட்டது என்று மோட்டாருக்குச் சொல்லும் உள் சுவிட்சில் கோளாறு. அதை வெளியிலிருந்து சரி செய்ய முடியாது.

5. பேட்டரியும் தொடுமுனைகளும்

பேக்கின் அடிப்பக்கம் இரண்டு துளைகள் தெரியும். உள்ளே மினுங்குவது பேட்டரியின் முனைகள். மல்டிமீட்டரை வைத்தால் நல்ல பேட்டரி 6 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். இங்கே ஒரு பொறி: சும்மா இருக்கும்போது 6 காட்டும் பேட்டரி, மோட்டார் ஓடத் தொடங்கியதும் படுத்துவிடலாம். மோட்டார் ஒரு கணத்தில் இழுக்கும் மின்னோட்டம் அதிகம். அதனால் மீட்டரில் எண் குறைவு என்றால் பேட்டரி போச்சு என்று உறுதியாகச் சொல்லலாம். எண் சரியாக இருந்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மீட்டர் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி: 600 கேமராவில் ஃபிளாஷ் தயாராக வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தால் பேட்டரி மேல் சந்தேகப்படுங்கள்.

கேமராவுக்குள் பேக் உட்காரும் அறையின் தரையில் இரண்டு உலோக ஸ்பிரிங் நாக்குகள் தெரியும். பழைய பேட்டரி கசிந்திருந்தால் அவற்றில் பச்சையோ வெள்ளையோ படிந்திருக்கும். ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். போகாத கறையைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, அழிப்பான் துகளை ஊதி எடுத்துவிடுங்கள். உப்புத்தாள் வேண்டாம், மேல்பூச்சு போய்விட்டால் மறுபடி சீக்கிரம் துருப்பிடிக்கும். நாக்கு தரையோடு தரையாகப் படுத்திருந்தால் விரல் நுனியால் ஒரு இம்மி தூக்கிவிடலாம். அதற்கு மேல் வளைத்தால் ஒடியும்.

குளிரிலும் பேட்டரி சோரும். இந்த ஃபிலிமுக்கு உகந்த வெப்பம் 13 முதல் 28 டிகிரி செல்சியஸ். சென்னைக் கோடையில் மேல் எல்லையைத் தாண்டுவோம். ஊட்டியில் மார்கழிக் காலையில் கீழ் எல்லைக்கும் கீழே போவோம். அங்கே மோட்டார் முனகினால் கேமராவை ஸ்வெட்டருக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு முயலுங்கள்.

6. ரோலர்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

பக்கவாட்டில் உள்ள தாழைத் தள்ளினால் முன்கதவு கீழ்நோக்கித் திறக்கும். கதவின் உள்ளே அகலவாக்கில் இரண்டு எஃகு ரோலர்கள் ஒன்றை ஒன்று அழுத்திக்கொண்டு இருக்கும். சில மாடல்களில் அவற்றின் மேல் ஒரு சின்ன மூடி. மெல்லத் தூக்கினால் ரோலர் முழுதாகத் தெரியும்.

ஒவ்வொரு படத்தின் அடி வெள்ளை ஓரத்திலும் ரசாயனப் பசை அடைத்த சிறு பை இருக்கிறது. படம் ரோலர்களுக்கிடையே நுழையும்போது அந்தப் பை உடைந்து, பசை படம் முழுவதும் சீராகப் பரவ வேண்டும். ஓரத்தில் பிதுங்கும் பசை ரோலரில் ஒட்டிக் காய்கிறது. கேமரா முப்பது நாற்பது வருடம் பரணில் கிடந்திருந்தால் அது சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகியிருக்கும். அந்தக் காரை இரண்டு வேலை செய்கிறது: ரோலரைச் சுழலவிடாமல் பிடிக்கிறது, சுழன்றாலும் படத்தை மேடுபள்ளமாக நசுக்குகிறது.

உங்களிடம் ஏற்கெனவே எடுத்த படம் ஒன்றிரண்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஒரே மாதிரிப் புள்ளியோ கோடோ சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் ரோலரின் ஒரு இடத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். ரோலர் ஒரு சுற்று முடிக்கும் ஒவ்வொரு முறையும் அது படத்தில் முத்திரை குத்துகிறது. ஒரு மூலையில் மட்டும் படம் உருவாகாமல் முக்கோணமாக வெறுமையாக இருந்தால் அழுத்தம் சீராக இல்லை.

சுத்தம் செய்யும் முறை:

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பசை காரத்தன்மை உடையது. ஈரமாக இருந்தால் தோலை அரிக்கும், கண்ணில் படவே கூடாது. மெல்லிய துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, சொட்டுச் சொட்டாக வடியாதபடி நன்றாகப் பிழியுங்கள். ரோலரின் மேல் துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கதவின் ஓரத்தில் உள்ள பல்சக்கரத்தை விரலால் மெல்லச் சுற்றுங்கள். ரோலர் துணிக்கடியில் சுழலும். இறுகிய இடத்தில் ஈரத் துணியை ஒரு நிமிடம் ஊறவிட்டுவிட்டுத் துடையுங்கள். நகத்தால் சுரண்டத் தோன்றும், கத்தி முனையால் நெம்பத் தோன்றும். ரோலரில் ஒரு கீறல் விழுந்தால் அது இனி எடுக்கும் எல்லாப் படத்திலும் விழும். ஊறவிடுவதுதான் ஒரே வழி.

பெரும்பாலோர் ரோலரின் நடுப்பகுதியைப் பளபளவென்று துடைத்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். படம் சிக்குவதற்குக் காரணமான பசை இருப்பது இரு முனைகளில், ரோலர் அதன் தாங்கிக்குள் நுழையும் இடத்தில். டார்ச் அடித்துப் பாருங்கள். பழுப்பும் வெள்ளையுமாகப் பொருக்கு தெரியும். பஞ்சுக் குச்சியை நனைத்து அந்த இடுக்கில் விட்டுச் சுழற்றி எடுங்கள். குச்சி அழுக்கில்லாமல் வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பல்சக்கரத்தின் பற்களுக்கிடையேயும் பாருங்கள். முடிந்ததும் பல்சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றினால் எங்கும் தட்டாமல் ஒரே சீராகப் போக வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் 'டக்' என்று தடுத்தால் இன்னும் பொருக்கு இருக்கிறது. கடைசியில் உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடையுங்கள். எஃகு என்பதால் ஈரத்தோடு மூடினால் துருப்பிடிக்கும்.

எண்ணெய் வேண்டவே வேண்டாம். பழுதுபார்க்கும் கடை ஒன்றில் ரோலருக்குத் தையல் மெஷின் எண்ணெய் விட்டுத் தந்தார்கள், நன்றாகத்தான் சுழன்றது. அந்த ஒரு பேக் முழுவதும் எண்ணெய்த் திட்டோடு வந்தது. துருவிலகத் தெளிக்கும் ஸ்பிரேயும் இதே கதைதான்.

முதல் முறை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு பேக் மாற்றும்போதும் ஈரத் துணியால் ஒரு துடை, ஓர் உலர் துடை. ஐந்து நிமிடம்கூட ஆகாது. இதை ஒழுங்காகச் செய்தால் மேற்கொண்டு படிக்க வேண்டிய அவசியமே பலருக்கு வராது.

7. கதவும் கறுப்புத் திரையும்

மோட்டார் கேமராவின் உடலில் இருக்கிறது, ரோலர் கதவில் இருக்கிறது. கதவு மூடும்போதுதான் இரு பக்கப் பல்சக்கரங்களும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. ஒரு ஓரத்தில் மட்டும் அழுத்தி மூடினால் மறு ஓரம் மயிரிழை திறந்திருக்கும், பல் பிடிக்காது. நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தி, 'க்ளிக்' கேட்ட பிறகு இரு மூலையையும் விரலால் தடவிப் பாருங்கள். தாழ் தேய்ந்திருந்தால், மூடிய கதவை விரலால் அழுத்திப் பிடித்தபடி சோதியுங்கள். அழுத்தினால் வருகிறது, விட்டால் வரவில்லை என்றால் நோய் தெரிந்துவிட்டது.

படம் வெளியே வரும்போது அதை வெளிச்சத்திலிருந்து மறைக்கச் சுருள் கறுப்புத் திரை ஒன்றைச் சிலர் பின்னாளில் கதவில் பொருத்தியிருப்பார்கள். அது கிழிந்தோ, ஓரம் மடங்கியோ இருந்தால் படம் வரும் வழியை அடைத்துக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் திரையைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். இது எளிதில் கழன்று வரும், பிறகு மாட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்று, சொல்லவே சங்கடமாக இருக்கிறது: கேமராவைப் பிடித்திருக்கும் விரல் படம் வரும் பிளவை மறைக்காமல் இருக்கிறதா பாருங்கள். படம் வரத் தொடங்கியதும் ஆவலில் பிடித்து இழுக்கவும் கூடாது. மோட்டார் நிற்கும்வரை கை வைக்காதீர்கள்.

8. கொக்கியும் இரட்டைப் படமும்

பேக் அறையின் பின்புறம் ஒரு ஓரத்தில் மெல்லிய உலோகக் கொக்கி தெரியும். மோட்டார் ஓடும்போது அது முன்னால் நகர்ந்து, பேக்கின் பின்பக்க வெட்டு வழியாக உள்ளே போய், மேலே இருக்கும் படத்தின் விளிம்பைப் பிடித்து ரோலரை நோக்கித் தள்ளும். கொக்கி மேலே வளைந்திருந்தால் படத்தைத் தொடாமலே போய்விடும். கீழே வளைந்திருந்தால் ஒரே நேரத்தில் இரண்டைத் தள்ளும். டார்ச் அடித்துப் பார்த்து, கண்ணுக்கே தெரியும் அளவுக்குக் கோணலாக இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். நேராக இருப்பதை "எதற்கும் இருக்கட்டும்" என்று தொடாதீர்கள். இதை வளைப்பதில் கால் மில்லிமீட்டர்கூட அதிகம்.

கொக்கி நேராக இருந்தும் இரண்டு படம் சேர்ந்து வந்தால் காரணம் பேக்கில் இருக்கிறது. படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. ஃபிலிமைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது நல்லதுதான், ஆனால் ஃப்ரீசரில் அல்ல, படுக்கை வாக்கில், உறை பிரிக்காமல். வெளியே எடுத்ததும் பிரித்தால் நம் ஊர் ஈரக்காற்று உள்ளே வியர்த்து, படங்கள் ஒட்டிக்கொள்ளும். உறையோடு ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிரியுங்கள். போடும் முன் பேக்கின் இரு ஓரத்தையும் பிடித்து மிக லேசாக இரு பக்கமும் வளைத்துக் கொடுங்கள். உள்ளே படங்கள் தளரும். லேசாக என்றால் லேசாகத்தான். அழுத்தினால் பசைப் பை உடையும்.

9. பாதியில் சிக்கிய படத்தை எடுப்பது

மோட்டார் நின்றுவிட்டது, படம் பாதி வெளியே. பட்டனை மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள். அடுத்த படமும் பின்னால் வந்து முட்டும்.

வெளியே தெரியும் பகுதியை இரு கையாலும் இரு ஓரத்தில் பிடித்து, நேராக, ஒரே வேகத்தில் இழுங்கள். கோணலாக இழுத்தால் கிழிந்து பசை உள்ளே கொட்டும். படம் எப்படியும் போயிற்று, ரோலரைக் காப்பாற்றுவதுதான் நோக்கம்.

இழுத்தும் வரவில்லையென்றால் இருட்டறையில் கதவை மெல்லத் திறந்து, ரோலரின் பல்சக்கரத்தை விரலால் சுற்றிப் படத்தை வெளியே விடுங்கள். கையுறை அவசியம். முடிந்ததும் ஆறாம் பகுதியை முழுதாக மறுபடி செய்ய வேண்டும். ஈரப் பசையை அப்போதே துடைப்பது எளிது, நாளை துடைப்பது பாடு.

மடக்கும் எஸ்.எக்ஸ்-70 வைத்திருப்பவர்களுக்கு: பாதியில் நின்றால் உள்ளே கண்ணாடி மேலே தூக்கியபடி இருக்கும், வ்யூஃபைண்டர் இருண்டிருக்கும். அந்த நிலையில் கேமராவை மடக்கவே கூடாது. நல்ல பேட்டரி உள்ள பேக்கைப் போட்டுக் கதவை மூடினால் பல நேரம் தானே சுற்றை முடித்துக்கொள்ளும். முடிக்கவில்லையென்றால் திறந்த நிலையிலேயே வைத்துத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

10. இதற்கு மேல் திறப்பதா, வேறு வாங்குவதா?

மேலே சொன்ன எல்லாம் முடிந்தும் அட்டை வரவில்லையென்றால் கோளாறு உடலுக்குள்: உடைந்த பல்சக்கரம், மோட்டார், சுவிட்ச். 600 கேமராவில் எலக்ட்ரானிக் ஃபிளாஷ் உள்ளேயே இருக்கிறது. அதன் கெபாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும். பேக்கை எடுத்த பிறகும் நெடுநேரம் போகாது. கெபாசிட்டரை வெறுமையாக்கத் தெரியாதவர்கள் மேல்மூடியைக் கழற்ற வேண்டாம். ஃபிளாஷ் பட்டை வெளியே மாட்டும் பழைய ஒன்ஸ்டெப்பில் இந்த அபாயம் இல்லை. கழற்றிப் பழக வேண்டுமென்றால் அதில் பழகுங்கள்.

உள்ளூர் கேமரா மெக்கானிக்கிடம் கொடுப்பதானால் மூன்று விஷயத்தைத் தாளில் எழுதிக் கேமராவோடு வையுங்கள்: ரோலரில் எண்ணெய் கூடாது, ஃபிளாஷ் கெபாசிட்டர் கவனம், சோதனைக்குச் சோதனைப் பேக்கை மட்டும் பயன்படுத்தவும். அந்தப் பேக்கையும் உடன் கொடுங்கள், இல்லாவிட்டால் அவரால் சோதிக்கவே முடியாது. முன்பணம் கொடுக்கும் முன் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள்.

கணக்கையும் பாருங்கள். அமெரிக்காவில் மில்வாக்கியில் உள்ள ரெட்ரோஸ்பெக்ட் போன்றவர்கள் பழைய 600 கேமராக்களைச் சுத்தம் செய்து, சோதித்து விற்கிறார்கள். அப்படிப்பட்டவை பொதுவாக 100 டாலருக்கு மேல், அனுப்பும் செலவும் சுங்க வரியும் தனி. சாதாரணப் பிளாஸ்டிக் 600-க்கு வெளிநாடு அனுப்பி ரிப்பேர் செய்வது கட்டுப்படியாகாது. அதே மாடலில் இன்னொரு உடைந்த கேமராவை மலிவாக வாங்கினால் கதவையே, ரோலரோடு, மாற்றிக்கொள்ளலாம். மடக்கும் எஸ்.எக்ஸ்-70 வேறு ரகம், அதற்குச் செலவழிக்கலாம். அனுப்புவதானால் பேக்கை வெளியே எடுத்துவிட்டு, கேமராவின் சீரியல் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, மதிப்பைக் குறிப்பிட்டுக் காப்பீட்டோடு அனுப்புங்கள். "ரிப்பேருக்காகப் போய்த் திரும்பி வருவது" என்று போகும்போதே ஆவணத்தில் எழுதச் சொல்லுங்கள். அது இல்லையென்றால் திரும்பி வரும்போது புதுப் பொருள் வாங்கியதுபோல் வரி கேட்பார்கள், அப்போது விளக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.